சரிவில் கெஸியாவை ஓட வைத்தது

மே 5, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும் — யாரிடம் கேட்கிறேன்? பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. பதினொன்றரைக்குத்தான் தூங்கினாள்.

இன்றும் பாராகிளைடர் எழும்பவில்லை. இருவர் பறக்கும் பாராகிளைடரில் பயணி முன்னால், ஓட்டுகிற நான் பின்னால். இரண்டு பேரும் சேர்ந்து சரிவில் ஓடினால்தான் தரையை விட்டு எழும். பயணியாக வந்த நாத்தனார் கெஸியா மூன்று அடி ஓடினாள், குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்துவிட்டாள். பிரேக்கை முழுக்க இழுத்து, தலைக்கு மேல் விரிந்த இறக்கைத் துணியைக் கீழே சரித்தேன். இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்தோம்.

"பறக்கலாம்னு கூட்டியாந்து சறுக்கி வுடறீங்களே அண்ணி."

பயிற்சியாளர் ஷிஜோ சிரிக்கவில்லை. "நிறுத்தினது சரி. வெள்ளிக்கிழமை கடைசி டெஸ்ட், பாஸானா டூரிஸ்டைக் கூட்டிப் பறக்கலாம். அன்னைக்கும் ஆகலேன்னா மழை கழிஞ்சு பார்க்கலாம்."

மழை கழிந்து என்றால் அக்டோபர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்த சீசனுக்கு மேல் வேண்டாம் என்று திருப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் ஜஸ்டஸ் போனில் சொல்லிவிட்டார். அவர் சொல்வது தப்பா? எனக்கே பயமாகத்தானே இருக்கிறது.

மே 6

பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. தூக்கம் இல்லாதது எனக்குத்தான்.

மே 7, வியாழன்

தப்பு என்னுடையது.

சாயங்காலம் கெஸியா இலை மூட்டையோடு தேயிலைச் சரிவில் இறங்கி வருவதைப் பார்த்தேன். உடம்பு பின்னால் சாய்ந்து, குதிகால் முதலில். எஸ்டேட்டில் பிறந்தவளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒரே பாடம் — சரிவில் ஓடாதே. குன்னூரில் வாத்தியார் வீட்டில் வளர்ந்த எனக்கு அது எங்கே உறைத்தது? "ஓடு, ஓடு" என்று கத்தத்தான் தெரிந்தது.

"இலை டிராக்டர் சேத்துல மாட்டுனா எப்படித் தள்ளுவீங்க?" என்று கேட்டேன்.

"நெஞ்சைக் குடுத்துத்தானுங்க. நகர்ந்தாலும் வுடமாட்டோம். வுட்டா மறுக்காப் பொதையும்."

"நாளைக்கும் அதையே செய்."

வாசலில் அவள் இடுப்பில் துப்பட்டாவைக் கட்டி நான் பின்னால் இழுத்தேன். அவள் முன்னால் தள்ளினாள். எதிர்வீட்டு சுப்பண்ணன் நின்று பார்த்தார். "ஏனம்மிணி, மாடு வெலைக்கா?"

"ஒதைக்குமுங்க. கிட்ட வராதீங்க," என்றாள் கெஸியா.

மே 8, வெள்ளி

ஹெல்மெட், தொடை வார் இரண்டு, நெஞ்சு வார், கொக்கிகள், கயிறுகள். எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்தேன். இரண்டு தரம்.

காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தது; முகத்தில் அடித்தால்தான் பத்திரமாக எழும்ப முடியும். முக்கால் மணி நேரம் நின்றோம்.

"போலாமுங்களா அண்ணி? காலு மரத்துப் போச்சு."

"இல்லை."

முடிவை ஷிஜோ என்னிடமே விட்டிருந்தார். வெயில் ஏறிவிட்டால் காற்று முரண்டு பிடிக்கும், இன்றைக்கு அவ்வளவுதான், அக்டோபர்தான். தெரிந்தேதான் சொன்னேன். ஆசை இல்லாமலா? இருந்தது. ஆனாலும் சொன்னேன். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

பிறகு முகத்தில் காற்று. துணி தலைக்கு மேல் நேராக வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன், ஒரு கயிறும் சிக்கவில்லை. "தள்ளு."

தள்ளினாள். தரை போன பிறகும் கால்களைப் போட்டுக்கொண்டே இருந்தாள். "போதும், இப்ப உட்காரு" என்றேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன் — சிரிக்கிறாள். அழுதது நான்.

கீழே இறங்கியதும் ஷிஜோவும் மேலிருந்து வந்து பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். "ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வந்திரு. ரெண்டு டூரிஸ்ட் உண்டு."

ஜஸ்டஸுக்கு இப்போது அனுப்பியது:

"உங்க தங்கச்சியைக் கூட்டிட்டுப் பறந்தேன். பத்திரமா இறக்கிட்டேன். ஞாயிறு காலைல எனக்கு வேலை இருக்கு, பாப்பா உங்க பொறுப்பு. சனிக்கிழமையே வந்துடுங்க. சீக்கிரம் பதில் போடுங்க."