வாணியின் செவ்வாய்

12 ஜனவரி 2025, ஞாயிறு

செவ்வாய்க் கிரகம் இன்று பூமிக்குக் கிட்ட வருகிறதாம். மகள் வாணி என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள். லிஃப்ட் நாலாம் மாடியோடு சரி. மிச்சப் படிகளில் என் முழங்கையைப் பிடித்தபடியே ஏறினாள். நிலவுக்குக் கீழே சிவப்பாய் ஒரு பொட்டு.

“இவர்தானம்மா என்னைக் கலியாணம் கட்ட விடாத ஆள்,” என்று சிரித்தாள். “பாவம், எவ்வளவு வடிவா நிக்கிறார், பாருங்கோ.”

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. சிரிக்கும்போது அப்படியே அவளுடைய அப்பா.

“குளிருது பிள்ளை, கீழ போவம்,” என்றேன். தன் சால்வையை எடுத்து என்மேல் போர்த்திவிட்டாள்.

அவளுடைய அப்பா தவறிய வருஷம்தான் கனடாவிலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. நல்ல பெடியன். வாணிக்கும் பிடித்திருந்தது. அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு கதைப்பேன் என்று பயந்துபோனேன். அவளுடைய சாதகக் குறிப்பில் செவ்வாய் குற்றம் இருக்கிறது என்று சொல்லித் தட்டிவிட்டேன். பிறகு கேட்டு வந்தவர்களுக்கும் அதையேதான் சொன்னேன். அவளுக்கும்.

இப்போது அலமாரியிலிருந்து அந்தக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய் மூன்றாம் வீட்டில் நிற்கிறது. ஒரு குற்றமும் இல்லை.

நாளை பௌர்ணமி, போயா நாள், அவளுக்கு லீவு. எழும்பியதும் முதலில் ஃபோனைத்தான் தேடுவாள். குறிப்பை அதற்குக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்தேன். மறுபடியும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். விடியும்வரை நான் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.