முதுகுப் பக்கத் தகடு

மந்தைவெளி
ஆகஸ்ட் 1999

தம்பிக்கு,

இன்னிக்குப் பேப்பர்ல உன் போட்டோ பார்த்தேன். குண்டு துளைக்காத உடுப்பு, அதுவும் பாதி எடையில்! பாண்டி பஜார்ல சட்டை தைச்சுக்கிட்டிருந்தவனுக்கு நல்ல வளர்ச்சிதான்.

முதுகுப் பக்கத் தகட்டை எடுத்துட்டதாலதான் எடை குறைஞ்சுதுன்னு அதுல போடலை. நீ சொல்ல மறந்துட்டே போல. தயாளன் லீவு முடிஞ்சு எல்லைக்குக் கிளம்பின அன்னிக்கு, நீயே அதை அவனுக்கு மாட்டிவிட்டு, "முதுகுல எதுக்குடா தகடு? நம்ம வீட்டு ஆம்பளை முதுகு காட்டுவானா?"ன்னே. எல்லாரும் கை தட்டினாங்க. பெத்தவ நானும்தான் தட்டினேன்.

போன வாரம் பெட்டியில வந்தான். குளிப்பாட்டறப்போ பார்த்தேன். நெஞ்சுல ஒரு கீறல் கிடையாது, எல்லாம் முதுகுலதான். அடிபட்டு விழுந்தவனைத் தூக்கத் திரும்பினானாம். பெட்டியோட வந்த சிப்பாய் சொன்னார்.

நீ வாசல்ல நின்னு, "பயந்து ஓடியிருப்பான்"னு சொந்தக்காரங்ககிட்ட சொன்னதும் என் காதுல விழுந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தாய்மாமன் நீ இல்லாம ஆகாது. அந்த உடுப்பைப் போட்டுக்கிட்டே வா. நான் உனக்குப் பின்னால உக்காந்துக்கறேன்.

உன் அக்கா