பட்டினி போட்ட குளம்

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கம்பெனியில் நீ செய்து அனுப்பிய ஈஸ்ட் மீன் தீவனம் வந்து சேர்ந்தது. உன் அத்தான் மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ரொட்டிக் கடை மாதிரி மணக்குது, மீன் தூள் வாடையே காணோமே" என்று முகம் சுளித்தார். மீன் தூளில் உள்ள சத்து இதிலும் உண்டு என்று நீ சொன்னதையே சொன்னேன். மனுஷன் மசியவில்லை. என் தம்பி செய்தது, போட்டுத்தான் ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று போடவைத்தேன். ஆனால் கொடுவா மீன்கள் வாயில் வாங்கித் துப்புகின்றன. முதல்முறையாகக் கொடுவா விட்டிருக்கிறோம். இந்தக் குளம் கைவிட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை. என்ன செய்யட்டும்?

அன்புடன்,
அக்கா

மார்ச் 6

அக்கா,

பயப்படாதே. புதுத் தீனி என்றால் அடம்பிடிக்கத்தான் செய்யும். பழைய தீவனத்தை அடியோடு நிறுத்தி வயிற்றைக் காயப்போடு, தானாக இதைத் தின்னும். எங்கள் தொட்டிகளில் அப்படித்தான் பழக்கினோம். இரண்டையும் கலந்து மட்டும் போடாதே. கம்பெனி அதிகாரி வரும்போது முழுக்க ஈஸ்ட்டில் வளரும் குளமாக இருக்க வேண்டும். உன் குளத்தை நம்பித்தான் என் வேலை நிற்கிறது. அத்தானைக் கோபிக்க வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

பசி தாங்காமல் பெரிய மீன்கள் சின்ன மீன்களை விழுங்கிவிட்டன. தொண்டையில் சிக்கி இரண்டுமாகச் செத்து மிதந்தவற்றை உன் அத்தான் கூடை கூடையாக அள்ளினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வலை போட்டுப் பார்த்தோம், கால்வாசிகூடத் தேறாது. உன் தொட்டிகளில் இப்படி ஆகவே இல்லையா?

அக்கா

மார்ச் 21

அக்கா,

எங்கள் தொட்டிகளில் ஒரே அளவு மீன்களாகப் பொறுக்கி விட்டிருந்தோம். உன் குளத்தில் பெரிசும் சிறிசும் கலந்து கிடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதிகாரி வருவார். நோய் வந்தது என்று சொல்லிவிடு. உண்மை தெரிந்தால் என்னை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். என் மனைவிக்கு இது எட்டாம் மாதம். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

நோய் என்றே சொன்னேன். தீவனம் நல்லதுதான் என்றும் சொன்னேன். பக்கத்தில் நின்று கேட்ட உன் அத்தான் அன்று மாலையே வேறொரு பண்ணைக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார். என்னை வா என்று கூப்பிடவில்லை.

என் பேச்சை நம்பி அடுத்த குளத்துக்காரியும் உன் தீவனத்தை வாங்கிவிட்டாள். அதிகாரி அவளையும் மீன்களைக் காயப்போடச் சொன்னாராம். நேற்று வந்து, "நோய் வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு நல்லா வந்துச்சாமே, எத்தனை நாள் பட்டினி போட்டீங்க?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை, தம்பி. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் நேரே அதிகாரியைப் பார்க்கப் போயிருக்கிறாள். இந்தக் கடிதத்துக்கு முன்பே உனக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

குழந்தை பிறந்தால் எனக்குத் தெரிவிக்காதே. தெரிந்தால் என்னால் வராமல் இருக்க முடியாது.

அக்கா