பத்தே முக்காலுக்குப் போட்ட மின்ட்

ஜனவரி 5

கம்பியூட்டர் இன்று திறக்க ஆறு நிமிடம் எடுத்தது. அதற்குள் நான் சோறு வடித்து, சம்பல் இடித்து, தலையும் வாரி முடித்துவிட்டேன். அதில் ஓடுகிற உபுண்டு லினக்ஸைக் குறை சொல்ல முடியாது. பெட்டி கிழடு, ஹட்டனில் மூன்றாம் கையாக வாங்கியது. உபுண்டுவைக் கழற்றிவிட்டு லினக்ஸ் மின்டில் இலேசான ஒன்றைப் போட வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு பக்கம். விண்டோஸ் பக்கம் அப்பாவும் தம்பியும் படம் பார்க்க. அது கிடந்துவிட்டுப் போகட்டும். லினக்ஸ் பக்கம் என்னுடையது. இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல வேறு என்ன இருக்கிறது?

ஜனவரி 8

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் அறுபத்திரண்டு குடும்பங்களின் விபரமும் இன்றோடு முடிந்தது. அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவில் இன்னொன்று. ஒவ்வொரு வீடாகப் போய், கடதாசிகளைப் போனில் படம் எடுத்து, யாருடைய பெயர் எங்கே பிழை என்று பட்டியல் போட ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது. மார்ச் 31க்குள் பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர்களுக்கு இந்தத் தடவை வீட்டுக் காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை.

போனில் இடமில்லாததால் அங்கே அழித்துவிட்டேன். கம்பியூட்டரில் ஒன்று, நீலப் பென் டிரைவில் ஒன்று. பென்னை சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். எங்கள் வீட்டில் முக்கியமானதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஜனவரி 12

இன்று ஞாயிறு, மின்ட் போட உட்கார்ந்தேன். அப்பா விடவில்லை.

"தம்பி பொங்கலுக்கு வருதுதானே. கெம்பஸ்ல படிக்கிற புள்ள, அது செய்யட்டும். நீ ஏன் கைய வச்சுக்கிட்டு?"

இந்தப் பெட்டியில் மூன்று தடவை உபுண்டு போட்டது யார்? நான்தான். ஆனால் என்னிடம் சர்ட்டிபிகேட் இல்லையே. நான் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்திவிடுகிறவள். சரி என்று எழுந்துவிட்டேன்.

ஜனவரி 15

தம்பி மதுரன் நேற்றுப் பொங்கலுக்கே வந்துவிட்டான். டிஸ்க் நாலு துண்டு என்று சொன்னேன். முதல் இரண்டும் விண்டோஸ், மூன்றாவது உபுண்டு, நாலாவதில் என் பைல்கள். மூன்றாவதை மட்டும் அழித்து அதில் மின்டைப் போட வேண்டும். நாளை ஐந்து மணிக்கு நான் வேலை விட்டு வந்ததும் சேர்ந்தே செய்வோம் என்றேன். "சரிக்கா, தெரியும்க்கா" என்றான், போனைப் பார்த்துக்கொண்டே.

ஜனவரி 16

வாசலிலேயே அப்பா. முகமெல்லாம் சிரிப்பு.

"மதுரன் எல்லாத்தையும் முடிச்சிருச்சு. பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். ஒனக்காகப் பாத்துக்கிட்டு இருந்தா ராகுகாலம் வந்துரும்னு நான்தான் ஆரம்பிக்கச் சொன்னேன்."

கம்பியூட்டருக்கு நல்ல நேரம். பஞ்சாங்கம் பார்த்து, சூடம் கொளுத்தி. திரையின் ஓரத்தில் விபூதி இருந்தது.

பெட்டியைத் திறந்து காட்டினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மின்ட் வந்துவிட்டது. என் பைல்கள் எங்கே என்று கேட்டேன்.

"நாலு துண்டு எதுக்குக்கா, கடைசி ரெண்டையும் அழிச்சு ஒன்னாக்கிட்டேன். ஒங்கிட்டதான் பென்ல இருக்கே."

சாமிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். பென் இல்லை. அது கம்பியூட்டரில் செருகியிருந்தது. மின்ட் போட ஒரு பென் வேண்டும் என்று இவன் கேட்டிருக்கிறான். நல்ல காரியமாச்சே என்று அப்பா சாமியிடம் இருந்ததை எடுத்து, பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறார். இவன் அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்காமல் பென்னை முழுக்க அழித்து மின்டை எழுதிவிட்டான். சாமிக்கு முன்னால் வைத்துக் கொன்றிருக்கிறார்கள்.

நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மதுரன் "சொரிக்கா" என்றான். அதோடு புதிய பக்கத்தில் சினிமாப் படங்கள் ஏற்றத் தொடங்கினான், இடம் நிறைய இருக்கிறதாம். அழிந்தவற்றின் மேல் இன்னும் எழுதிவிடக்கூடாது என்று பிளக்கைப் பிடுங்கினேன்.

ஜனவரி 17

சாப்பிடவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஜனவரி 19

பட்டியல் போனதைப் பற்றிக் கோயிலடியில் கூட்டம். போவதற்கு முன் அப்பா தனியாகக் கூப்பிட்டார். "வெளியில தம்பி பேர எடுத்துறாத. நாளைக்கு வேலைக்குப் போற புள்ள. நீதான் தெரியாம எதையோ அமுக்கிட்டேன்னு சொல்லிரு."

சொன்னேன். அறுபத்திரண்டு குடும்பத்துக்கும் முன்னால் என் வாயாலேயே சொன்னேன். மதுரன் மூன்றாவது வரிசையில் இருந்தான். தலையைக் குனிந்துகொண்டிருந்தான், பிறகு போனை எடுத்தான். பின்னாலிருந்து ஒரு குரல்: "அதுக்குத்தான் படிச்ச ஆளுக்கிட்ட குடுக்கணுங்கிறது." எல்லாரும் தலையாட்டினார்கள். ஏன்டி நிலக்ஷி சொன்னாய்? யார் உன்னை மகராசி என்று கும்பிடப்போகிறார்கள்?

பெப்ரவரி 2

அழிந்ததைத் தேடி எடுக்கும் மென்பொருள் ஒன்றை நானே படித்து ஓட்டினேன். நூற்றுப் பதினோரு கடதாசிப் படங்கள் கிடைத்தன. அதிலும் பாதி, எழுத்துத் தெரியாமல் வெறும் சாம்பல் நிறம். பட்டியல் போயே போய்விட்டது. அதன் மேல் இவன் ஏற்றிய சினிமாக்கள் உட்கார்ந்திருக்கின்றன.

இன்றைக்கே எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மின்டை மறுபடி போட்டேன். இந்த முறை நாலு துண்டு. நேரம் பார்க்கவில்லை.

பெப்ரவரி 16

மறுபடியும் வீடு வீடாக. சிலர் கடதாசிகளைக் கொடுத்தார்கள். சிலர் கதவடியில் நின்றே பேசி அனுப்பினார்கள். இந்திராதேவி மாமி மட்டும் தேத்தண்ணி தந்து, "விடு புள்ள, எழுது" என்றார். அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

மார்ச் 9

லெட்சுமி அக்கா இருப்பது கடைசி வரிசை லயத்து வீட்டில். என்னைத் தூக்கி வளர்த்தவர். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அவருக்கு மூன்று கடதாசியில் மூன்று பெயர். பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டியவர் அவர்தான்.

"தம்பி வரட்டும் புள்ள, அது கையில குடுக்கிறேன். கோவிச்சுக்காத."

மார்ச் 16

இன்று பொறுக்க முடியவில்லை. லெட்சுமி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நல்ல நேரம், பென், கோயிலடி, அப்பா சொல்லித்தந்த பொய் எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கூடப் பொறந்தது மேல பழியப் போடாத புள்ள. ஒன் வாயாலதான அன்னைக்குச் சொன்ன?"

ஆமாம். என் வாயால்தான்.

மார்ச் 23

மதுரனுக்குப் போன் எடுத்தேன். வந்து லெட்சுமி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல், அல்லது போனிலாவது சொல் என்றேன். பரீட்சையாம். சித்திரைப் புதுவருடத்துக்குத்தான் வருகிறானாம். "நீயே பேசி வாங்குக்கா" என்றான்.

அக்காவிடம் மறுபடி போய், முப்பத்தோராம் திகதிதான் கடைசி என்று சொன்னேன். இதோடு மூன்று தடவை.

மார்ச் 31

லீவு போட்டு, முதல் பஸ்ஸில் போனேன். நாற்பத்தெட்டுக் குடும்பங்கள். தயாரித்தவர் என்ற இடத்தில் நிலக்ஷி என்று என் பெயரை எழுதினேன். அப்பா, தம்பியின் பெயரையும் போடச் சொல்லியிருந்தார். போடவில்லை. முத்திரை குத்தி ரசீது தந்தார்கள்.

தலவாக்கலை பஸ் தரிப்பிடத்தில் லெட்சுமி அக்கா. சின்ன மகளை மருந்துக்குக் கூட்டி வந்திருந்தார். கையில் ஷொப்பிங் பை, கிளினிக் கொப்பியோடு கடதாசிகள் எல்லாம் அதற்குள்தான். எங்கே போனாலும் கூடவே கொண்டுதான் போவார்.

"தம்பி சித்திரைக்கு வருதுதானே? அப்ப குடுத்துக்கலாம் என்ன?"

மணி பதினொன்றுதான். செயலக ஒபிஸ் நாலே கால் வரைக்கும் திறந்திருக்கும், இன்னொரு பெயரைச் சேர்க்கக் கேட்கலாம். நடந்தால் பத்து நிமிடம்.

"வரும்க்கா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.