மாமாவின் கைக்குள் ஒரு பாறை நத்தை

மார்ச் 3

இனி மாமாவை வீட்டில் தனியாக விட முடியாது. அத்தை இறந்துபோனதிலிருந்து வாயே திறப்பதில்லை. இன்று பால் பொங்கி, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்! "முதியோர் இல்லத்துல சேர்த்துடலாமா?" என்கிறார் இவர். பெற்ற பிள்ளை. நான் கருகிய பாத்திரத்தைத் தேய்க்கப் போனேன்.

மார்ச் 4

மாமாவையும் வேலைக்குக் கூட்டிப்போனேன். கடற்கரைப் பாறையில் குடை விரித்து உட்கார வைத்தேன். எது எங்கே போய் வருகிறது என்று ஆராய்ச்சிக்குக் குறித்துக்கொள்ள, நான் வழக்கம்போல் நத்தைகளின் ஓட்டில் பெயிண்ட் புள்ளி வைத்தேன். சின்னத் தொப்பி கவிழ்த்த மாதிரி பாறையோடு ஒட்டியிருக்கும் நத்தைகள். மௌனம் தாங்காமல் நானே பேசினேன்: தண்ணீர் ஏறினால் கிளம்பிப் பாசியைச் சுரண்டித் தின்னும், அப்புறம் தன் இடத்துக்கே திரும்பிவிடும், ஓட்டின் விளிம்பு அந்த இடத்துக்கென்றே பொருந்தியிருக்கும். கேட்டாரா? தெரியவில்லை.

மார்ச் 5

மழை. போகவில்லை.

மார்ச் 9

இன்றும் மாமாவைப் பாறைக்குக் கூட்டிப்போனேன்.

மாமா கால் இடறியதில் செருப்பு பட்டு ஒரு நத்தை பெயர்ந்துவிட்டது. "ஐயோ" என்றார். அவர் குரலே எனக்கு மறந்துபோயிருந்தது. "செத்துடுமா?"

"அடிபடலைன்னா பொழைக்கும் மாமா. அதோட இடத்துலயே வெச்சா, தானா பிடிச்சுக்கும்."

வைத்தார். கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். கடல் ஏறத் தொடங்கியது.

"போதும் மாமா, வாங்க."

"இன்னும் பிடிக்கலம்மா."

இழுத்தேன். அசையவில்லை. எனக்குக் கோபம் — ஒரு நத்தைக்காக இந்த மனுஷன் சாகணுமா?

"டீ குடிச்சிட்டு வரேன்னு அவகிட்ட சொல்லிட்டுப் போனேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வர்றதுக்குள்ள..."

இத்தனை நாளாக இதையா விழுங்கிக்கொண்டிருந்தார்?

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கைமேல் என் கையை வைத்தேன். அலை இடுப்பு வரை வந்தது. பயம்தான். பிறகு மாமா நத்தையை விரலால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். "நகரலம்மா." என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மார்ச் 10

இவருக்குச் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் மூளை கழண்டுபோச்சா?" என்று கத்தினார். கத்தட்டும்.

மார்ச் 24

காலையில் இவர் ஈரத் துண்டை நாற்காலியில் போட்டார். "எத்தனை தடவடா சொல்றது, ஈரத்துண்ட அங்க போடாதேன்னு?" என்று மாமா பழையபடி அதட்டினார். இவர் திகைத்து நின்றார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் வெகுநேரம் ஓடியது. நான் தட்டவில்லை.