ஓசியில் கொடுத்த பவளம்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஷிஃப்ட். நான்காம் எண் மெஷின் இன்றும் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. டயாலிசிஸுக்குப் படுத்திருந்த பெரியவர், "உனக்கும் அதுக்கும் ஏதோ ஏழாம் பொருத்தம்மா" என்றார். குழாயில் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். நீவிவிட்டதும் அடங்கியது.

மதியம் அக்காவின் மருந்தைக் கொடுக்க அத்தானின் கடைக்குப் போனேன். கடல்மீன் கடை. இந்த இடத்துக்கு மாறி ஒரு வருஷமாகிறது, நான் போனதே இல்லை. மீன் தொட்டி என்றாலே ஆறு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொள்பவள் நான். அத்தான் வெளியே போயிருந்தார். பில் போடும் பெண், "உள்ள போய்ப் பாருங்க மேடம், எங்க ஸ்பெஷல் இருக்கு" என்றாள்.

போய்ப் பார்த்தேன்.

பொத்தான் பவளம். சட்டைப் பொத்தான் அளவில் பூப்பூவாக நூறாவது இருக்கும். ஊதா விளிம்பு, ஆரஞ்சு முகம், நடுவில் கோணலாக ஒரு பச்சை வளையம். கோணல் எல்லாப் பூவிலும் ஒரே பக்கம். அது ஒட்டியிருந்தது கல்லில் இல்லை. வெள்ளைக் கப்பின் உடைந்த கைப்பிடியில்.

அந்தக் கப்பை உடைத்தது நான். கைப்பிடியில் முதல் பூவைப் பசை வைத்து ஒட்டியதும் நான்.

"இது வேற எங்கயும் கிடைக்காது மேடம். ஓனரே கண்டுபிடிச்சது." ஒரு பூவின் விலை என் இரண்டு நாள் சம்பளம்.

மருந்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 4

பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

என் வீட்டுக்காரரிடம் இன்றுதான் சொன்னேன். எழுதியும் வைக்கிறேன், பிறகு நானே மறந்து மன்னித்துத் தொலைக்கக் கூடாது.

ஆறு வருஷத்துக்கு முன் முதுகு ஆபரேஷனுக்காக ஐம்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டிலிருந்த என் கடல் தொட்டியை அத்தான் பார்த்துக்கொண்டார். இருபதாம் நாளோ என்னவோ, கட்டிலருகே உட்கார்ந்து, "ஹீட்டர் கெட்டு தண்ணி கொதிச்சுடுச்சும்மா, ஒண்ணும் மிஞ்சல" என்று அழுதார். தேம்பித் தேம்பி. படுத்த படுக்கையாக இருந்த நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க அத்தான், உங்க தப்பு இல்ல" என்று தேற்றினேன்.

நான். அவரை. தேற்றினேன்!

திருடியதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். அந்தக் கண்ணீரை என்ன செய்வது?

"நேரா போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளு" என்கிறார் இவர். மாட்டேன். கேட்டால் மறுபடி அழுவார், நான் மறுபடி தேற்றுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

மார்ச் 11

வழி கிடைத்துவிட்டது. மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போது தோன்றியது.

அந்தப் பவளத்துக்கு ஏன் அந்த விலை? அவரிடம் மட்டும் இருப்பதால். எல்லோரிடமும் இருந்தால்? அதுவும் ஓசியில் கிடைத்தால்?

நான் தொட்டி வைக்கப் போகிறேன்.

மார்ச் 22

வீட்டுச் செலவில் கை வைக்கக் கூடாது என்பது இவர் போட்ட நிபந்தனை. நியாயம்தான். வொர்க்‌ஷாப்பை மூடியதிலிருந்து டிரைவிங் ஸ்கூலில் அரைச் சம்பளம் அவருக்கு; மகளுக்கு ஹாஸ்டல். முதுகுக்காக வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளை விற்றேன். அந்தப் பணத்துக்குள் ஒரு கடல்.

தொட்டி: வீடு காலி செய்தவர்கள் விட்டுப்போனது. பக்கக் கண்ணாடியெல்லாம் கீறல். அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தால் போயிற்று. கீழே தண்ணீர் வடிகட்ட, துணி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி. பழைய தொட்டியின் பாறைகள் மொட்டைமாடியில் சாக்கில் கிடந்தன, எலும்பு மாதிரி வெளுத்துப்போய். எடுத்து ஊறப்போட்டிருக்கிறேன்.

தண்ணீர்தான் பெரிய செலவாகும் என்று பயந்தேன். எங்கள் டயாலிசிஸ் யூனிட்டில் முதல் ஷிஃப்டுக்கு முன் குழாயைக் கழுவிவிடுவோம், அத்தனையும் சுத்திகரித்த தண்ணீர், சாக்கடைக்குத்தான் போகிறது. பெரிய சிஸ்டரிடம் நேராகவே கேட்டேன்.

"எதுக்கு?"

"பவளம் வளர்க்க."

"கழுத்துலயா?"

விளக்கியதும் தினம் இரண்டு கேன் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். உப்பு மட்டும் காசு கொடுத்து.

ஏப்ரல் 19, ஞாயிறு

தொட்டி முழுக்கப் பழுப்புப் பாசி. இப்படித்தான் இருக்கும், தண்ணீர் பக்குவமாகிறது என்று அர்த்தம். இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கடல் வாசனை வந்துடுச்சு, கப்பல் எப்ப வரும்?" என்கிறார்.

சிரித்துவிட்டேன். கோபம் கலைந்துவிடுமோ என்று பயமாகக்கூட இருந்தது. நல்லவேளை, மாலை அத்தான் போன் செய்தார். "உடம்பு எப்படிம்மா இருக்கு? முதுகு வலி தேவலையா?" என்ன பரிவு! போனை வைத்ததும் கோபம் பழையபடி கொதிநிலைக்கு வந்தது.

மே 16, சனி

பெரிய சிஸ்டரைக் கடைக்கு அனுப்பி மூன்று பூ வாங்கிவரச் சொன்னேன். மிச்சமிருந்த பணம் அதோடு சரி. என் பிள்ளையை நானே விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

"ஓனர் நல்லா பேசினாரு. எப்படி வளர்க்கணும்னு பொறுமையா சொல்லிக் குடுத்தாரு" என்றார் சிஸ்டர். சொல்லிக் கொடுப்பார். அந்த ஆளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

மே 20

நாலு நாளாக மூன்றும் வாய் திறக்கவில்லை. செத்துக்கித்துப் போனால்?

மே 21

திறந்துவிட்டன! ஷிஃப்டுக்கு லேட்டாகிவிட்டது, போகட்டும். தொட்டி முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். முதுகு வலி தெரியவேயில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஏழு பூ. ஒரு மொட்டும் இருக்கிறது.

அக்கா பேசினாள். அத்தான் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துச் சுவரை இடித்துப் பெரிதாக்கப் போகிறாராம். "அந்தப் பொத்தான் பவளம்தான்டி எங்களுக்குச் சோறு போடுது" என்றாள் வெள்ளந்தியாக. "நல்லது அக்கா, எடுக்கச் சொல்லு" என்றேன்.

எடுக்கட்டும். ஏறட்டும். உயரத்திலிருந்து விழுந்தால்தான் சத்தம் கேட்கும்.

நான் இவ்வளவு கெட்டவளா? ஆமாம் போலிருக்கிறது.

நவம்பர் 14

பத்தொன்பது. இன்று முதல் முறையாக வெட்டினேன். கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு. இதன் சளியில் விஷம் உண்டு, கண்ணில் பட்டால் போச்சு, வயிற்றுக்குள் போனால் உயிரே போய்விடும். வெட்டும்போது அத்தானின் டீ கப் ஒரு நொடி நினைவுக்கு வந்தது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன். பிறகுதான் மீதியை வெட்டினேன். எனக்கு வேண்டியது அவர் உயிர் இல்லை. அவர் பெருமை.

டிசம்பர் 6, ஞாயிறு

வீட்டில் சண்டை.

கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிறு நூலக ஹாலில் கூடுவார்கள். அங்கே வரும் கணக்கு வாத்தியார் ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பார்த்ததும், "கடை விலையில பாதி தரேன், பத்து பூ குடுங்க" என்றார். விற்பனைக்கில்லை என்றேன். அவர் படி இறங்கியதும் இவர் ஆரம்பித்தார்.

"ஹாஸ்டல் கட்டணம் நிக்குது. நீ விக்க மாட்டே, சும்மா குடுப்பே. யாருக்கு லாபம்?"

"எனக்கு."

"உன் கோபத்துக்குத் தீனி போட நாங்க வயித்துல ஈரத்துணியா கட்டிக்கணும்?"

பதிலுக்கு நானும் கத்தினேன். வித்தா அத்தானுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? காசு வாங்கிட்டா நானும் ஒரு கடைக்காரிதானே? — இதை இவரிடம் சொல்லியிருக்கலாம். கத்தினதுக்குப் பதிலா சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 7

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு ஷிஃப்ட் கேட்டு வாங்கிவிட்டேன், மாதத்தில் ஒன்று தவிர. ஹாஸ்டலுக்கு அது போதும். இவரிடம் சொன்னதும், "முதுகு?" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 7, ஞாயிறு

இன்றுதான் அந்த நாள்.

இருபத்திரண்டு துண்டுகள். உடைந்த டைல்ஸ் சில்லுகளில் ஒட்டி, ஒவ்வொன்றையும் ஒரு டப்பாவில் போட்டு, நூலக ஹாலின் மேசையில் வரிசையாக வைத்தேன். பக்கத்தில் ஒரு தாள்: கையில் இருப்பதை வைத்துக் கடல் தொட்டி அமைப்பது எப்படி என்று என் பாசி, என் பிளாஸ்டிக் பெட்டி எல்லாவற்றையும் எழுதி நகலெடுத்தது. மேலே ஒரு அட்டை: "இலவசம். வளர்ந்ததும் இரண்டு பேருக்கு இலவசமாகவே கொடுக்கவும்."

அத்தானும் கடை போட்டிருந்தார், எதிர் மூலையில். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டிச் சிரித்தார். பிறகு என் மேசையில் கூட்டம் சேர்வதைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

டப்பாவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அந்தக் கோணல் வளையம். அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டதை நான் பார்த்தேன். இதற்காகத்தான் ஒரு வருஷம்.

"இது... உனக்கு எங்கேருந்து?"

"உங்க கடையிலதான் அத்தான், காசு குடுத்து. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுலேருந்து." எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். "அந்தக் கப்புக் கைப்பிடியாவது மாத்தியிருக்கலாமே?"

கணக்கு வாத்தியார், "அப்ப நீங்க கண்டுபிடிச்சதுன்னு சொன்னது?" என்று அத்தானைக் கேட்டார். நான்கு பூ வாங்கிய ஒருத்தர் குரலை உயர்த்தினார்.

அத்தான் அழவில்லை. மறுக்கவும் இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தார். "இவங்க சொல்றது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மேசைப் பக்கம் நடந்தார்.

இருபத்திரண்டும் அரை மணியில் தீர்ந்தது. தாள் பத்தாமல் போய் நூலகத்திலேயே நகலெடுத்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம். பாடிக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 13

பில் போடும் பெண்ணை வழியில் பார்த்தேன். பொத்தான் பவளம் வாங்கியவர்கள் வந்து சண்டை போடுகிறார்களாம், விலையைக் கால்வாசியாக்கியும் ஒருத்தரும் எடுக்கவில்லையாம். இன்னும், இன்னும் சொல்லு என்று நிற்க வைத்துக் கேட்டேன்.

பிப்ரவரி 19, வெள்ளி

அக்கா வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தொட்டியைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவரு எடுக்கல. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

புரியவில்லை எனக்கு.

"நீ எழுந்து நடக்கவே மாட்டேன்னு டாக்டர் சொன்ன வாரம். அவருக்கு வேலை போய் ஏழு மாசம். கை ரெண்டும் காலி. இவ இனிமே தொட்டிப் பக்கம் எங்க வரப்போறா, எல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்கன்னு சொன்னது நான். மாட்டேன்னாரு. குழந்தைங்க பேரைச் சொல்லி ஒத்துக்க வெச்சேன்."

"நான் நடந்தப்புறம்?"

"அப்ப சொல்லியிருக்கணும்."

"ஆறு வருஷம் அக்கா."

"ஆமாம்."

"அவர் அன்னைக்கு ஆஸ்பத்திரியில அழுதாரே?"

"அது நடிப்புன்னா நெனச்சே?"

போ என்றேன். போய்விட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஹால்ல அத்தனை பேர் முன்னாடி என் பேரைச் சொல்லியிருக்கலாம்டி அவரு" என்றாள்.

பிப்ரவரி 20

யாரை அடிக்கப் போய் யாரை அடிச்சிருக்கேன்? இல்ல, அவருந்தானே எடுத்தாரு. அவரு கையாலதானே எடுத்தாரு. வித்தாரு, பேரு வாங்கினாரு. சரியாத்தான் செஞ்சேன். — சரிதானே?

பிப்ரவரி 21

இவரிடம் கேட்டேன். "கணக்கு தீர்ந்துச்சுன்னா உனக்குத் தூக்கம் வரணுமே" என்றார்.

ஏப்ரல் 11

சுவரை இடிக்கவில்லையாம். இடிக்க வேண்டியதே இல்லாமல், இருந்த கடையையும் மூடிவிட்டார்கள். ஷட்டரில் வேறு யாரோ செல்போன் கடை என்று தாள் ஒட்டியிருக்கிறார்கள். கடக்கும்போது நடையை மாற்றவில்லை. பஸ் ஸ்டாப்பில்தான், வந்த பஸ்ஸில் ஏறாமல் உட்கார்ந்துவிட்டேன். முதுகாக இருக்கும்.

அக்காவிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. அவள் மீது எனக்குக் கோபம் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை.

ஜூன் 8, செவ்வாய்

கணக்கு வாத்தியார் யூனிட்டுக்கு வந்திருந்தார், அவர் அண்ணனுக்கு டயாலிசிஸ். நான் கொடுத்த தாளைப் பார்த்து நாற்பது பேராவது புதிதாகத் தொட்டி வைத்துவிட்டார்களாம். வைப்பது சுலபம், பார்த்துக்கொள்ளத்தான் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதனால் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மாற்றி, கண்ணாடி துடைத்துக் கொடுக்க ஓர் ஆளைப் பிடித்திருக்கிறார்கள். "உங்க அத்தான்தான். ஒரு நாளைக்கு ஆறு வீடு. பழைய ஸ்கூட்டர், பின்னாடி ரெண்டு கேன். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசல."

அவரை ஒழிக்கத்தான் அந்தத் தாளை நகலெடுத்தேன்.

மாலை கிளம்பும்போது பெரிய சிஸ்டர் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டிலும் தொட்டி வந்துவிட்டது, பாசி பிடித்து நாறுகிறது. "சுத்தம் பண்ண ஆள் யாராவது தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு அவர் பேனாவை வாங்கி நம்பரை எழுதினேன். பார்க்காமலே. அது இன்னும் மனப்பாடமாக இருந்ததே எரிச்சலாக இருந்தது.

"நல்லா பார்த்துப்பாரா?" என்றார்.

பார்த்துக்கொள்வார் என்றேன். என்னுடையதை ஆறு வருஷம் ஒரு பூ வாடாமல் வைத்திருந்தவர்.