கேட்டில் கிடந்த போன்கள்

அன்பு மகள் கீர்த்திகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், டப்ளினில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக் குளிருக்கு இதமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காலாண்டு விடுமுறை முழுக்க உன் அம்மா ஆன்லைனில் பாடம் நடத்தியது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இல்லை, எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வாட்ச்மேனுக்கு. அதற்குச் சர்டிபிகேட் வேறு வாங்கினேன், நீயும் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் போட்டாய். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் எனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

விடுமுறையில் வீடு வீடாகவே இல்லை. உன் அப்பாவுக்குக் காலண்டர் சீசன், சிவகாசியில் பிரஸ்ஸிலேயே படுத்துக்கொள்கிறார், எப்போதாவது வந்தாலும் மை வாசனைதான் உள்ளே வருகிறது, பின்னாலேயே குறட்டை. எதிர்வீட்டுப் பொன்னுத்தங்கம் அக்காவும் மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், அந்தச் சண்டையைப் பற்றிப் பேசக்கூட தெருவில் ஆளில்லை. போன தடவை வந்தபோது நீ என் போனில் கேள்வித்தாள் தயாரிக்கிற ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாயே, நாலு விடை கொடுத்து ஒன்றை அமுக்கச் சொல்வது, அதைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். தினமும் காலையில் பத்துக் கேள்வி தயாரித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். மத்தியானத்துக்குள் எல்லாப் பிள்ளைகள் பெயரிலும் பதில் வந்துவிடும், அத்தனையும் முழு மதிப்பெண். ஒவ்வொரு தடவை போன் டிங் என்னும்போதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து பார்ப்பேன். நான் கேட்டு உடனே பதில் வந்து இந்த வீட்டில் எவ்வளவு நாளாயிற்று தெரியுமா.

தலைக்கனம் ஏறாமல் இருக்குமா? ஆசிரியர்களுக்கென்று ஒரு ஆன்லைன் குழு இருக்கிறது, தமிழ்நாடு பூராவும் உள்ள டீச்சர்கள் புதுப் புது ஆப்களையும் வகுப்பில் செய்ததையும் போட்டு ஒருவரையொருவர் ஊக்கப்படுத்திக்கொள்வார்கள். அதில் என் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் போட்டேன். கைதட்டல், ரோஜாப்பூ, பிறகு சர்டிபிகேட். குழுவை நடத்துகிற ஈரோட்டு யோகேஸ்வரி டீச்சர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோருக்கும் நான் பேச வேண்டும் என்றார். அன்றிலிருந்து காலையில் எழுந்தால் என் பெயர் போட்டே பத்திருபது வணக்கம் வந்து கிடக்கும்.

பள்ளி திறந்ததும் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் போட்டாயே என்று வகுப்பில் மாரிசெல்வியைத் தட்டிக்கொடுத்தேன். அவள் எந்தக் கேள்வி டீச்சர் என்று முழித்தாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன், உன் அம்மா புத்தி அப்படி. மறுநாள் காலை பட்டாசுக் கம்பெனி வேன் ஏறப் போன அவள் அம்மா சின்னத்தாய் பள்ளி வாசலில் என்னைப் பிடித்து, "கோவிச்சுக்கிடாதீக டீச்சர், போனை உள்ள விட மாட்டாக, கேட்டுலயே வாங்கி வச்சிருவாக. நீங்க அம்புட்டுப் பாடுபட்டு அனுப்புறீக, ஒருத்தரும் அமுக்கலைன்னா மனசு கஷ்டப்படுவீகளேன்னு வாட்ச்மேன் அண்ணன்ட்டச் சொன்னோம். அவருதான் எல்லாப் போனுலயும் போட்டாரு" என்றாள். தீப்பொறிக்குப் பயந்து கம்பெனிக்குள் போன் விடுவதில்லை என்பது அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அந்த ஊர் டீச்சருக்கு மட்டும் விடுமுறையில் மறந்துபோயிற்று.

அந்த வாட்ச்மேன் சங்கிலிமுத்துவுக்குச் சண்டை போடத்தான் போன் போட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, "திட்டுங்க டீச்சர், ஆனா நிறுத்திராதீக. கேட்டுல ஒத்தையாக் கெடக்கேன், லோடு வண்டி வந்தாத்தான் மனுச மொகம். நீங்க கேக்கக் கேக்க யாரோ பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரி இருந்துச்சு. எட்டாப்போட நின்னவன், இம்புட்டுச் சரியாப் போடுவேன்னு எனக்கே தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால் அந்தக் காலை வணக்கமெல்லாம் போய்விடும், சொல்லாவிட்டால் அதை எந்த முகத்தோடு வாங்குவது. உனக்குப் போன் போட்டேன், மீட்டிங் என்றாய். உன் அப்பாவோ, "பேசாம இரு, யாரு வந்து பாக்கப்போறா" என்றார். கடைசியில் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் ஒருவரும் எழுதவில்லை, வாட்ச்மேன் எழுதினார், எட்டாவதோடு நின்றவர் ஏழாம் வகுப்புப் பாடம் முழுக்க முழு மதிப்பெண், இதுதான் இந்த ஆப்பால் நான் கண்ட பலன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவர் பேசலாம் என்றார் யோகேஸ்வரி டீச்சர். இப்போது காலையில் போனில் பல் தேய்க்கிற விளம்பரம் மட்டும் வருகிறது.

ஒரே ஆறுதல், சங்கிலிமுத்துவைப் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதச் சொல்லிவிட்டேன். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு கேட் திறக்கிறீர்களே என்று விரட்டினேன். பழைய புத்தகங்களெல்லாம் வாங்கிவிட்டாராம், தேர்வுக்கு லீவு வேண்டும் என்று முதலாளியிடமும் சொல்லிவைத்துவிட்டாராம். நான் தினமும் அவருக்குக் கேள்வி அனுப்புகிறேன், டிங் என்று பதில் வருகிறது.

நீ தலைக்கு எண்ணெய் வை, தனியாகச் சாப்பிடுகிற நாளிலும் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிடு. தீர்க்காயுசாக, நினைத்தது கைகூடி நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே, நான் எந்த மீட்டிங்கிலும் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு, உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா முத்துச்செல்வி

பி.கு: உறையை ஒட்டுமுன் ஒன்று. இன்று அதே கேள்விகளை என் போனில் வகுப்பிலேயே பிள்ளைகளைப் போட வைத்தேன். இமயமலை தமிழ்நாட்டில் இருக்கிறது என்று அமுக்கிய செழியனுக்கும் முழு மதிப்பெண் வந்தது. என்னவென்று திறந்து பார்த்தால், முதல் நாளிலிருந்து நாலு விடைக்கும் சரி என்று நான்தான் டிக் போட்டு வைத்திருக்கிறேன். சங்கிலிமுத்துவிடம் இன்னும் சொல்லவில்லை.